படியெடுக்கத் தெரிந்தவருக்கே கணினி சொந்தம்

(தவளக்குப்பத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். ஓர் இயங்குதளத்தின் வட்டுப் படிமத்தை, அதாவது ஐஎஸ்ஓ கோப்பை, ஒரு பென் டிரைவில் எழுதி, அந்தப் பென் டிரைவைக் கொண்டே கணினியை எழுப்புவது பற்றியது அது. சர்வீஸ் கடைகளில் இதைப் 'பூட்டபிள் பென் டிரைவ்' என்பார்கள். 'சிஸ்டத்துக்கு ஓ.எஸ். போடணும்' என்று நாம் கடைக்குக் கொண்டுபோகும்போது, அங்கே மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வருவது இதுதான். இது கடைக்காரரின் தொழில், நமக்கு எதற்கு என்று ஒதுக்கியே வைத்திருக்கிறோம். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு கணினியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம், அரசிடமிருந்து விலையில்லாமல் பெற்றிருக்கலாம். அதன் இயங்குதளம் கெட்டுப்போனால் தன் கையால் மறுபடி போட்டுக்கொள்ளத் தெரியாதவரை, அந்தக் கணினி அவருக்குப் பாதிதான் சொந்தம். ஆகவே மேல்நிலைப் பள்ளியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது இந்தப் பென் டிரைவைத் தானே தயாரித்திருக்க வேண்டும். இந்த ஒரு கருத்தை நிறுவவே இந்த உரை.

படியெடுத்தல் நமக்குப் புதிய வேலை இல்லை. இங்கிருந்து வடக்கே கடலூர் சாலையில் போனால், புதுச்சேரி நகரத்தில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கும் நகரத்தின் வேறு தொகுப்புகளிலும் உள்ள சைவ ஓலைச்சுவடிகள், ஏறத்தாழ 11,000, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005-இல் இடம்பெற்றன. ஓலை நம் கடலோரக் காற்றில் நெடுநாள் தாங்காது. பூச்சி அரிக்கும், விளிம்பு உதிரும். பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்கு எழுத்து எழுத்தாகப் படியெடுத்துக்கொண்டே வந்ததால்தான் அந்த நூல்கள் நம் காலம்வரை வந்து சேர்ந்தன. அந்த மரபில் இரண்டு கடமைகள் இருந்தன. ஒன்று, உள்ளதை உள்ளபடி எழுதுவது. இரண்டு, எழுதி முடித்ததை மூலத்தோடு ஒப்புநோக்குவது. இந்த இரண்டாவது கடமையில் தவறியவர்களால்தான் பாடபேதங்கள் பெருகின. வட்டுப் படிமத்தைப் பென் டிரைவில் எழுதும் வேலையிலும் இதே இரண்டு கடமைகளே உள்ளன. நம் காலத்தில் முதல் கடமையைக் கருவி செய்துவிடுகிறது. இரண்டாவதை மனிதர் மறந்துவிடுகிறார்.

முதலில் வட்டுப் படிமம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு குறுவட்டில் உள்ள கோப்புகளை மட்டும் ஒரு பைக்குள் அள்ளிப்போட்டால் அது படிமம் ஆகாது. எந்த இடத்தில் எது தொடங்குகிறது, எது எதற்குப் பின்னால் வருகிறது, கணினியை எழுப்பும் சிறு நிரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற அமைப்பு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்தால்தான் அது படிமம். குறுவட்டுக்காக 1988-இல் வகுக்கப்பட்ட ஐஎஸ்ஓ 9660 என்ற தரத்தின் பெயரே இந்தக் கோப்புகளுக்கு ஒட்டிக்கொண்டது. இது விளங்கிவிட்டால், பலரும் முதல் முறை செய்யும் பிழைக்குக் காரணமும் விளங்கிவிடும். ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, காப்பி செய்து, பென் டிரைவில் பேஸ்ட் செய்துவிட்டுக் கணினியைப் போட்டால் அது எழுவதில்லை. காரணம் எளிது. பழைய பயாஸ் முறையில் எழும் கணினி, கோப்பின் பெயரைத் தேடிப் பார்ப்பதில்லை. வட்டின் தொடக்கத்தில் உள்ள முதல் 512 பைட்டை மட்டும் படிக்கிறது. அதில் 446 பைட் எழுப்பும் நிரலுக்கு, 64 பைட் வட்டுப் பகுதிகளின் பட்டியலுக்கு, கடைசி இரண்டு பைட் ஓர் அடையாளத்துக்கு. அந்த இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற பதினாறடிமான மதிப்புகள் இருந்தால்தான் 'இதிலிருந்து எழலாம்' என்று கணினி ஏற்றுக்கொள்ளும். நாம் பேஸ்ட் செய்த கோப்போ எங்கோ உள்ளே, பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. நெல் மூட்டையை அடுப்பின்மேல் ஏற்றிவிட்டுச் சோறு ஆகவில்லையே என்று காத்திருப்பதுபோல்தான் அது.

குறுவட்டுக்கும் பென் டிரைவுக்கும் அமைப்பே வேறு. குறுவட்டின் ஒரு கட்டம் 2048 பைட். பென் டிரைவின் கட்டம் பெரும்பாலும் 512 பைட். குறுவட்டிலிருந்து கணினி எழுவதற்கான எல் டொரிட்டோ என்ற முறையை ஃபீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் 1995-இல் வெளியிட்டன. அது குறுவட்டுக்கு மட்டுமே. பென் டிரைவ் 2000-இல்தான் சந்தைக்கு வந்தது. அப்போது ஐபிஎம் விற்றதன் கொள்ளளவு 8 மெகாபைட். குறுவட்டுக்காகச் செய்த படிமம் பென் டிரைவிலும் எழ வேண்டுமானால் இரண்டு வேடமும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். சிஸ்லினக்ஸ் திட்டத்தில் உருவான ஐசோஹைபிரிட் என்ற உத்தி இதைச் செய்துவைத்தது. இன்றைய உபுண்டு, டெபியன், மின்ட் ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களின் படிமங்களை அப்படியே பைட்டுக்குப் பைட் பென் டிரைவில் எழுதினால் போதும் என்பது அந்த உத்தியின் பயன். புதிய யூஈஎஃப்ஐ கணினிகள் முதல் 512 பைட்டோடு நிற்பதில்லை. ஃபேட் முறையில் அமைந்த ஒரு பகுதியைத் தேடி, அதில் குறித்த பெயருள்ள எழுப்புக் கோப்பை எடுத்து ஓட்டுகின்றன. விண்டோஸ் படிமத்தில் வேறொரு சிக்கல் உண்டு. ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸின் முதன்மை நிறுவல் கோப்போ பல நேரம் அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே அதற்கு ரூஃபஸ் போன்ற கருவியோ மைக்ரோசாஃப்ட் தரும் கருவியோ வேண்டியிருக்கிறது. இத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டியவை என்று நான் சொல்லவில்லை. கணினி எழாதபோது, 'பென் டிரைவ் ராசியில்லை' என்று நினைக்காமல், எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்த அளவு அறிவு போதும்.

செய்முறையை ஒருமுறை அருகில் இருந்து பார்ப்போம். 8 ஜிபி அல்லது 16 ஜிபி பென் டிரைவைச் செருகுகிறோம். அதில் ஏற்கெனவே உள்ளது எல்லாம் அழியும் என்பதால் திருமணப் படங்களோ ஆவணங்களோ இருந்தால் முன்பே வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறோம். கருவியைத் திறந்து, படிமத்தையும் பென் டிரைவையும் தேர்ந்தெடுத்து எழுதச் சொல்கிறோம். லினக்ஸில் டிடி என்ற பழைய கட்டளையால் எழுதும்போது சில நேரம் பாதி நேரத்திலேயே வேலை முடிந்ததுபோல் தெரியும். ஆனால் பென் டிரைவின் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். கணினி தரவைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பென் டிரைவின் வேகத்துக்கு ஏற்ப மெல்ல மெல்லக் கொடுக்கிறது என்பதே அதன் பொருள். அந்த நேரத்தில் பிடுங்கினால் படி அரைகுறையாக நிற்கும். எழுதி முடித்த பிறகு விண்டோஸ் கணினியில் அதைச் செருகினால், 16 ஜிபி பென் டிரைவ் சில மெகாபைட்டாகச் சுருங்கித் தெரியலாம், 'ஃபார்மட் செய்யவா?' என்ற கேள்வியும் வரலாம். பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப்போடுவது இந்தக் கட்டத்தில்தான். அது கெடவில்லை. உள்ளே உள்ள அமைப்பு விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத அமைப்பு, அவ்வளவே. வேலை முடிந்தபின் அதன் பகுதிகளை அழித்து மறுபடி ஃபார்மட் செய்தால் முழுக் கொள்ளளவும் திரும்பிவிடும். கணினியைப் போட்டதும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என அந்தந்த நிறுவனம் வைத்திருக்கும் விசையைத் தட்டினால் எதிலிருந்து எழ வேண்டும் என்ற பட்டியல் வரும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே உள்ள வன்தட்டைத் தொடாமலே பல லினக்ஸ் இயங்குதளங்களை ஓட்டிப் பார்க்கலாம்.

இப்போது ஒப்புநோக்கும் கடமைக்கு வருகிறேன்; இதை வலியுறுத்தவே பெரிதும் விரும்புகிறேன். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் திட்டத்தின் இணையதளத்துக்குள் அத்துமீறி நுழைந்தவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஒரு படிமத்தை மக்களுக்குக் கொடுத்தார்கள். அன்று 17.3 சின்னமன் பதிப்பை இறக்கியவர்களில் பலர், தெரியாமலே தம் கணினியின் சாவியை அந்நியருக்குக் கொடுத்தார்கள். படிமத்தோடு வெளியிடப்படும் எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண் இதற்காகவே இருக்கிறது. படிமம் எத்தனை ஜிபியாக இருந்தாலும், அதைக் கணக்கிட்டு 64 எழுத்துகளில் ஒரு கைரேகை தரும் முறை இது. படிமத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுதும் மாறிவிடும். இணையதளத்தையே கைப்பற்றியவர் அந்த எண்ணையும் மாற்றிவிட மாட்டாரா என்று கேட்கலாம், மாற்ற முடியும். அதனால்தான் அந்த எண்ணுக்கு மேல் வெளியீட்டாளரின் மின்கையொப்பமும் சேர்க்கப்படுகிறது. கைரேகையைச் சரிபார்க்க ஒரு கட்டளையும் ஒரு நிமிடமும் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் படியெடுப்பவர், ஏட்டை ஒப்புநோக்காமல் எழுதியவரைவிட அதிகத் தீங்கைப் பரப்புகிறார். ஏட்டுப் பிழை பொருளை மட்டும் கெடுத்தது. இந்தப் பிழை வங்கிக் கணக்குவரை போகும்.

நம் ஊர்களில் கைமாறும் பென் டிரைவ்களில் உள்ள விண்டோஸ் பல நேரம் உரிமமில்லாத, யாரோ ஒருவர் உடைத்துத் திருத்திய படிமம். எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன சேர்த்தார்கள் என்பதை அதைப் போடுபவரும் அறியார், போட்டுக்கொள்பவரும் அறியார். உரிமச் சிக்கல் வருமோ என்ற அச்சத்தில் அதன் புதுப்பிப்பையும் நிறுத்திவைப்பார்கள். அதன் விலையை 2017 மே 12 அன்று உலகம் கண்டது. வான்னாக்ரை என்ற தீநிரல் பல நாடுகளின் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்த மருந்தைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் வீழ்ந்தன.

இதை ஏன் இன்று பேசுகிறேன் என்பதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2017-க்குப் பிந்தைய தலைமுறைச் செயலியும் பழைய கணினிகளில் இல்லை. இதனால் உலகெங்கும் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இன் இறுதியில் கணித்தது. தவளக்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் தெற்கே சென்றால் சிறிது நேரத்தில் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். அங்கே 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பெற்றார்கள். அவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. இன்று அந்தக் கணினிகள் எத்தனையோ வீடுகளில் அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றின் திரையும் விசைப்பலகையும் நன்றாகத்தான் இருக்கும். மேலே ஓடும் மென்பொருள்தான் மூப்படைந்திருக்கும். அவற்றுள் பலவற்றுக்கு, எடை குறைந்த ஒரு லினக்ஸ் படிமமும் சில நூறு ரூபாய் பென் டிரைவும் சேர்ந்தால் இன்னும் சில ஆண்டுகள் ஆயுள் கிடைக்கும். குறை நம்மிடமே உள்ளது. 2011-இல் பொருளைக் கொடுத்தோம். அந்தப் பொருளைத் திரும்ப எழுப்பும் கலையைக் கொடுக்கவில்லை.

பள்ளியில் கற்பிக்கக்கூடியதா இது என்ற கேள்விக்குச் சான்று பக்கத்திலேயே உள்ளது. புதுச்சேரியும் காரைக்காலும் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவுக்கும் பாடம் இருந்தது. ஆனால் உபுண்டு இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பாடம் படத்தைப் பார்த்து நீச்சல் கற்பதாகவே முடியும். பென் டிரைவ் ஒன்று இருந்தால், ஆய்வகக் கணினியில் உள்ள எதையும் மாற்றாமல், ஒரு மணி நேரம் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு அணைக்கலாம். நம் ஒன்றியப் பகுதியின் இன்னொரு துண்டான மாஹேயைச் சூழ்ந்திருக்கும் கேரளம் இன்னும் பல படி முன்னே சென்றது. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டமும், அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனமும் உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தொகுத்தன. 2019-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கான புதிய பதிப்பை வெளியிட்டபோது, உரிமச் செலவில் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது. ஓர் அரசுப் பள்ளி அமைப்பே தன் இயங்குதளத்தைத் தானே படிமமாக்கிக்கொள்ள முடியும் என்றால், அந்தப் படிமத்தைப் பென் டிரைவில் எழுதுவது பதினாறு வயதுப் பிள்ளைக்கு எட்டாத வேலையாக இருக்க முடியாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். 'எல்லாரும் எல்லாத் தொழிலும் கற்க வேண்டுமா? சில நூறு ரூபாய் கொடுத்தால் கடைக்காரர் செய்துவிடுகிறாரே' என்பது முதல் வாதம். தொழிலுக்கு உரிய மதிப்பை நான் குறைக்கவில்லை. பலகை எரிந்துபோனால், திரை உடைந்தால், கடைக்காரரின் அனுபவம்தான் நமக்குத் துணை. ஆனால் சைக்கிளில் செயின் கழன்றால் மாட்டத் தெரிந்தவர் சைக்கிள் கடையைப் பகைத்துக்கொள்வதில்லை. மேலும் கணினிக்குள் நம் ஆவணங்கள், குடும்பப் படங்கள், கடவுச்சொற்கள் உள்ளன. எழாத கணினியைப் பென் டிரைவிலிருந்து எழுப்பி, முதலில் கோப்புகளை வேறொரு வட்டுக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்று தெரியாதவர், 'ஃபார்மட் பண்ணணும், எல்லாம் போயிடும்' என்ற ஒரே பதிலுக்குத் தலையாட்டிவிடுகிறார். தெரிந்தவர், கடைக்குப் போனாலும் சரியான கேள்வியோடு போகிறார். அதனால் நல்ல கடைக்காரருக்கு மதிப்புதான் கூடும்.

இரண்டாவது வாதம், 'வட்டு மாறிப்போனால் எல்லாம் அழிந்துவிடுமே' என்பது. இந்த அச்சம் நியாயமானது. பென் டிரைவுக்குப் பதிலாக வன்தட்டையே தேர்ந்தெடுத்துவிட்டால், டிடி போன்ற கட்டளை மறு கேள்வி கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். ஆனால் அரிவாள்மனை கையை அறுக்கும் என்பதற்காக யாரும் காய் நறுக்குவதை விட்டதில்லை. பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தோம். இங்கும் முறை உண்டு. தேவையில்லாத வட்டுகளைக் கழற்றிவைப்பது, பெயரை மட்டும் நம்பாமல் கொள்ளளவையும் பார்ப்பது, எழுதும் பொத்தானை அழுத்தும் முன் ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்ப்பது. வகுப்பில் ஆசிரியரின் கண்முன் இந்த ஒழுங்கைக் கற்றவர் வீட்டில் பிழை செய்வது குறையும். கற்பிக்காமல் விட்டால் அதே வேலையை எங்கோ ஒரு காணொளியைப் பார்த்து அரைகுறையாகச் செய்வார்கள்.

மூன்றாவது வாதம் நுட்பமானது. 'பென் டிரைவால் கணினியை எழுப்ப முடியும் என்றால், திருடனும் அதே வழியில் என் கடவுச்சொல்லைத் தாண்டிக் கோப்புகளை எடுப்பானே?' ஆம், எடுக்க முடியும். இதை மறைப்பதால் பாதுகாப்பு வராது. திருடனுக்கு இது ஏற்கெனவே தெரியும். உள்நுழைவுக் கடவுச்சொல் வாசல் திரைச்சீலை போன்றது. உண்மையான பூட்டு வட்டு மறையாக்கம் என்பதை மக்கள் உணர்வதற்கே இந்த அறிவு வேண்டும். பிட்லாக்கர் என்ற வட்டு மறையாக்கம் இயங்கும் விண்டோஸ் கணினியில் எழுப்பும் அமைப்பை மாற்றும் முன் மீட்புச் சாவியைத் தனியே எழுதி வைக்க வேண்டும் என்பதையும் அந்தப் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நான்காவதாக, 'கைப்பேசி வந்தபின் கணினி எதற்கு? வேலைக்கு விண்டோஸ்தானே கேட்கிறார்கள்?' என்பார்கள். விண்ணப்பம் அனுப்பக் கைப்பேசி போதும். கணக்கு எழுத, நிரல் எழுத, ஆய்வேடு தட்டச்ச அது போதாது என்பதைக் கல்லூரிக்குள் நுழையும் முதல் தலைமுறை மாணவர்களே நன்கு அறிவார்கள். டேலி போன்ற கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸ் வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். விண்டோஸ் படிமத்தையும் மைக்ரோசாஃப்டே தன் தளத்தில் தருகிறது. உரிமம் உள்ள கணினியில் அதையும் இதே கலையால் முறையாகப் போடலாம். என் வாதம் எந்த இயங்குதளம் என்பதைப் பற்றியதன்று. தேர்வு யார் கையில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. மொழியும் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. டெபியனின் வரைகலை நிறுவியில் மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், அடுத்தடுத்த கேள்விகள் தமிழிலேயே வரும். அதைத் தமிழாக்கிய தன்னார்வலர்களின் உழைப்பு, நாம் பென் டிரைவை ஒருமுறை செருகிப் பார்த்தால்தான் நமக்குப் பயன்படும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, மேல்நிலைப் பள்ளிகளின் கணினி வகுப்பில் இதற்கென இரண்டு செய்முறைப் பாடவேளைகள். ஒன்றில் படிமத்தைச் சரிபார்த்து எழுதுவது. மற்றொன்றில் அதைக் கொண்டு கணினியை எழுப்பி, பின் பென் டிரைவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. புதுச்சேரியில் இயங்கும் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் போன்ற அமைப்புகளின் துணையையும் இதற்குக் கேட்கலாம். இரண்டாவது, நூலகங்களுக்கு. 1827-இல் தொடங்கிய பொது நூலக மரபு நம்முடையது. இன்று அது ரோமன் ரோலண்ட் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊர்ப்புற நூலகம் ஒவ்வொன்றிலும் கைரேகை சரிபார்த்த ஒரு லினக்ஸ் பென் டிரைவை, புத்தகத்தைப் போலவே பதிவேட்டில் எழுதி இரவல் தரலாம். கட்டற்ற மென்பொருளின் உரிமமே படியெடுத்துப் பகிரும் உரிமையைத் தருவதால் சட்டத் தடை எதுவும் இல்லை. இணைய வேகம் குறைந்த வீட்டில் 3 ஜிபி, 6 ஜிபி இறக்குவதற்காக இரவெல்லாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. உபுண்டு 2011 வரை உலகெங்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்பிய குறுவட்டுகள் செய்த வேலையை, நம் நூலகத்தின் ஒரு சிறு பெட்டி செய்துவிடும்.

அந்தப் பென் டிரைவை இரவல் வாங்கும் மாணவி, அதிலிருந்து தன் வீட்டுப் பழைய மடிக்கணினியை எழுப்பட்டும். அடுத்த வாரம் அதிலிருந்து தனக்கென ஒரு படி எடுத்து, 64 எழுத்துக் கைரேகையை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கட்டும். ஓலையில் படியெடுத்தவர்கள் அந்த நூலைத் தமக்குப் பின்வருவோரின் உடைமையாக்கியது இந்த வழியில்தான்.